கறித்தூள் கூறும் சரித்திரம்

ஆண்டுமலர் என்றால் அதிற் சரித்திரக் கட்டுரையொன்று இடம்பெறுதல் வழக்கம். அரசர் பெருமை, அடியார் பெருமை, திருக்கோயில்களின் தொன்மை என்பன அக்கட்டுரைகளுக்குப் பொருளாகி வந்திருக்கின்றன. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் மிகச் சிறியது. எமது அடுக்களைத் தட்டிலே, மூடி இறுக்கிய தகரப் பேணிக்குள் இருப்பது. அதுவே கறித்தூள். இதற்குமா ஒரு சரித்திரம் என்று பெரியோர் நகைத்தல் கூடும். நாமும் முதலில் நகைத்தவர்களே. எமது நகைப்பை அடக்கியது ஒரு சிறு தோல்வியாகும்.

சென்ற ஆண்டு அன்னதானத்திற்கு வேண்டிய தூளைக் கடையில் வாங்காது நாமே வறுத்து அரைப்பது என இளைஞர் சிலர் தீர்மானித்தோம். புறக்கோட்டைக்குச் சென்று செத்தல் மிளகாய், மல்லி முதலிய சரக்குகளை வாங்கி வந்தோம். பெரிய தாச்சியொன்றை அடுப்பில் ஏற்றி, எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டி வறுத்தோம். மல்லி வறுபடுமுன் வெந்தயம் கருகிவிட்டது. மிளகாயின் நெடி அயல் வீட்டாரையுந் தும்ம வைத்தது. மில்லில் அரைத்து வந்த தூளை நாவில் வைத்துப் பார்த்தபோது கைப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவ்வளவையுங் கொட்ட நேர்ந்தது.

அயலிலே வசிக்கும் ஆச்சி ஒருவர் இதைக் கேள்வியுற்று வந்தார். “தம்பிமார், எல்லாச் சரக்குக்கும் ஒரே நெருப்போ? ஒவ்வொண்டாய் வறுக்க வேணும். மணம் வந்தவுடனை இறக்கிப் போடுங்கோ. நிறம் பாத்துக்கொண்டு நிண்டால் கருகித்தான் போகும்” என்றார். அன்று மாலை அவர் முன்னிருந்து நடத்த, நாம் அகப்பை பிடித்தோம். தூள் நன்றாக அமைந்தது.

அதனைக் கண்டு மகிழ்ந்த பெரியவர் ஒருவர், “சங்ககாலந் தொட்டு எங்கள் முன்னோர் உண்ட தூள் இது” என்றார். எம்முள் ஒருவன், “ஐயா, சங்ககாலத்தில் மிளகாய் ஏது?” என்று கேட்டுவிட்டான். பெரியவர் சினந்தாரல்லர். சிறிது நேரம் யோசித்து, “அப்படியெண்டால் தேடிப் பார்த்து மலரில் எழுதுங்கோ” என்றார். அவர் கட்டளையின் பயனே இக்கட்டுரை.

மிளகு ஆண்ட காலம்

‘கறி’ என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழில் மிளகு என்பது ஒரு பொருள். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பண்டங்களைக் கூறுமிடத்து மிளகு மூடைகளைச் சொல்லுகிறது. ஈழத்திலிருந்து சென்ற உணவுப் பொருளையும் அதே பட்டியலிற் சேர்க்கிறது. சேரநாட்டு முசிறித் துறைமுகத்திலே யவனர் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்றனர் என்பதும் சங்க இலக்கியத்தால் அறியப்படுவது. கி.மு. 1213இல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் இராம்செசின் பதனிடப்பட்ட உடலில், நாசித் துவாரங்களில் மிளகு மணிகள் காணப்பட்டன. கி.பி. 408இல் உரோமை நகரை முற்றுகையிட்ட அலாரிக் என்பவன், முற்றுகையை நீக்குவதற்குக் கேட்ட பொருள்களுள் 3,000 இறாத்தல் மிளகும் ஒன்று. பொன்னுக்கும் வெள்ளிக்கும் பக்கத்தில் வைத்து எண்ணப்பட்ட பண்டம் அது.

ஆகவே எம்முன்னோர் உணவிற் காரம் இருந்தது. அது மிளகின் காரம். செந்நிறமான செத்தல் மிளகாயை அவர்கள் கண்டதில்லை.

மிளகாய் வந்த கப்பல்

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பசு அங்கு சென்ற பின்னரே அது ஏனைய நாடுகளுக்குப் பரவியது. அவர் தேடிப் புறப்பட்டது இந்தியாவின் மிளகை. கண்டதோ வேறொரு காரம். கொலம்பசையும் வாஸ்கொடகாமாவையும் நாம் மிசன் பாடசாலையில் தேசப்படத்தோடு கற்றோம். அவர்கள் திறந்த கடல்வழி எமது அடுக்களை வரை வந்து முடிகிறதென்று அன்று நினைத்ததில்லை.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். அவர்களுடைய கப்பல்களின் வழியாகவே 16ஆம் நூற்றாண்டில் மிளகாய் இப்பகுதிகளிற் பரவியது. புதிய காயைக் கண்ட தமிழர், மிளகு போற் காரமுடைய காய் என்று ‘மிளகாய்’ எனப் பெயரிட்டனர். மட்டக்களப்பிலே இதனைக் ‘கொச்சிக்காய்’ என்பர். சிங்களத்திலும் ‘கொச்சி’ என்பது சிறிய, காரம் மிகுந்த ஒருவகை மிளகாயைக் குறிக்கும். மலையாளக் கரையின் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டும் பெயர் இது. எமக்கு அண்மையிலுள்ள கொச்சிக்கடையின் பெயரிலும் அதே ஒலி கேட்கிறது.

இந்து இளைஞராகிய நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியவர்கள் போர்த்துக்கேயர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்களும் அவர்களே. அவர்கள் இடித்த கோயிலை எமது மக்கள் மீண்டுங் கட்டினர். அவர்கள் கொணர்ந்த காயையோ, வேற்றார் தந்தது என்று வீசாமல், வீட்டுத் தோட்டத்தில் நட்டு, வெயிலிற் காயவைத்து, தம் உணவுக்கு உயிராக்கிக் கொண்டனர். இன்று மிளகாய்த்தூள் இல்லாத யாழ்ப்பாணக் கறியை எண்ணிப்பார்க்கவும் முடியுமா?

எனினும் மிளகாய் வருமுன் இருந்த சமையலின் நினைவு முற்றாக அழிந்துவிடவில்லை. அதனைக் காத்து வைத்திருப்பன வழிபாடும் பிதிர்க்கடனுமே. வெண்பொங்கலை எண்ணிப் பாருங்கள். அதில் மிளகும் சீரகமும் உண்டு, மிளகாய் இல்லை. ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடைமாலையிலும் மிளகே சேர்கிறது. தமிழகத்தில் ஆசாரம் மிக்க இல்லங்களிலே திவசச் சமையலுக்கு மிளகாயை விலக்கி மிளகையே கொள்வர். ஒடிசாவிலுள்ள பூரி ஜெகந்நாதர் ஆலயத்தின் மகாபிரசாதத்தில் மிளகாயோ, உருளைக்கிழங்கோ, தக்காளியோ சேர்ப்பதில்லை. இம்மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஏட்டில் எழுதாத சரித்திரத்தை மடைப்பள்ளி எழுதி வைத்திருக்கிறது எனலாம்.

பல தேசத்துச் சரக்கு

மிளகாய் மட்டுமா பிறநாட்டுச் சரக்கு? பேணியில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம். மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் என்னும் நான்கும் மத்தியதரைக் கடல் நாடுகளையும் மேற்காசியாவையும் சார்ந்தவை. எகிப்திய மன்னன் துத்தன்காமுனின் கல்லறையில் மல்லி விதைகளும் வெந்தய விதைகளும் கண்டெடுக்கப்பட்டன. மிளகும் கறிவேப்பிலையும் எமது பகுதிக்கு உரியவை. மஞ்சளும் தெற்காசியாவின் பழஞ்செல்வம். கறுவா எமது இலங்கையின் சொந்தச் செல்வம். அதற்காகவே ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் இம்மண்ணிற் பொருதனர். கராம்பு தூரகிழக்கிலுள்ள மொலுக்காத் தீவுகளிலிருந்து வந்தது.

இவ்வாறு நோக்கின், ஒரு கரண்டித் தூளிலே நாலு திசைக் கடலும் கலந்திருத்தல் புலனாகும். அப்படியாயின் இதில் எமக்கென்று உரியது யாது? சரக்குகளன்று. எதை எவ்வளவு சேர்ப்பது, எதை முன் வறுப்பது, எதைப் பின் வறுப்பது, எந்த மணத்தில் இறக்குவது என்னும் அறிவே எமக்கு உரியது. அந்த அறிவு கடையில் விற்பதில்லை. அதனைக் கற்கத் தவறியமையாலேதான் எமது முதற் தூள் கைத்தது.

ஆங்கிலேயரின் ‘கறி பவுடர்’

1660இல் இலங்கையிற் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடிய இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலிலே, இந்நாட்டு மக்கள் சோற்றுக்குச் சுவையூட்டச் சமைப்பவற்றைப் போர்த்துக்கேயர் ‘கறி’ என வழங்கியதைக் குறிப்பிட்டிருக்கிறார். மிளகைக் குறித்த தமிழ்ச்சொல் இவ்வாறு சோற்றுக்குத் துணையாகும் உணவின் பெயராக மேலைநாடு சென்றது.

1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் இலண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறியொன்று உண்டு. அதிலே மல்லியைச் சுத்தமான சவளொன்றில் வைத்து நெருப்பின்மேல் வறுத்துப் பின் இடிக்கும்படி கூறியிருக்கிறார். தாச்சி இல்லாத ஊரில் சவளே தாச்சியாயிற்று! ஆயினும் வறுத்த பின்னரே இடிக்க வேண்டும் என்னும் முறை அந்நூலில் மாறவில்லை. 1784இல் இலண்டன் பிக்கடிலி வீதியிலிருந்த கடையொன்று ஆயத்தமான கறித்தூளை விளம்பரஞ் செய்தது. அன்றுதொட்டுக் கறித்தூள் வணிகப் பண்டமாயிற்று. பிரித்தானியர் வழியாக அது ஜப்பான் வரை சென்றது.

அடைத்து விற்ற அத்தூளில் ஒரு வசதி உண்டு. ஒரு குறையும் உண்டு. எந்த வீட்டுக் கைக்கும் உரியதல்லாத தூள் அது. எமது வீடுகளிலோ, யாழ்ப்பாணத்தார் எல்லாவற்றையும் வறுத்து மிளகாயோடு சேர்த்து ஒரே தூளாக்குவர். தமிழகத்தார் சாம்பாருக்கு ஒரு பொடி, இரசத்துக்கு ஒரு பொடி என வேறு வேறாக வைப்பர். சிங்கள மக்கள் ‘துனபஹ’ என்று வழங்கும் தூளில் மிளகாயைச் சேர்க்காது தனியே வைப்பர். கொட்டாஞ்சேனையிலே இவர்கள் அனைவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். மத்தியான வேளையில் ஒழுங்கை வழியே நடந்து செல்பவர், எவ்வீட்டில் எம்முறைக் கறி கொதிக்கிறதென மணத்தாலேயே கூறிவிடலாம்.

புகைவண்டி ஏறிய தூள்

1885இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு நிறைவெய்திய பின்னர், காலியை விஞ்சிக் கொழும்பே தலைமைத் துறைமுகமாயிற்று. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையும் வளர்ந்தது. 1905இல் வடபகுதிப் புகைவண்டிப் பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது. கந்தோர் உத்தியோகத்துக்காக வந்தோர் பெட்டி படுக்கையோடு தூள்ப் பேணியையுங் கொண்டு வந்தனர். 1956இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோர் பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல்மா ஆகியவற்றோடு ஊர்த்தூளையும் சுமந்து வருவது வழக்கமாயிற்று. கொழும்பிற் குடியிருந்தாலும் எம்மவரின் நாக்கு ஊரிலேயே குடியிருந்தது.

1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கிணற்று நீரை இறைத்துப் பயிர்செய்த யாழ்ப்பாணக் கமக்காரருக்கு அது பொற்காலமாய் அமைந்தது. 1977இன் பின் இறக்குமதி திறக்கப்படவே அவர்களது மிளகாய் விலையிழந்தது. பின்னர் 1983 யூலை வன்செயலை எமது பெரியோர் கண்ணாற் கண்டனர். 1990இல் யாழ்தேவி நின்றது. பாதைகள் மூடுவதும் திறப்பதுமாக ஆண்டுகள் கழிந்தன. 2002இல் திறந்த ஏ-9 வீதி 2006இல் மீண்டும் மூடப்பட்டது. 1990களிலே வெளிநாடு செல்லக் காத்திருந்தோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலே மாதக்கணக்காகத் தங்கினர். விமானத்தில் ஏற்றக்கூடிய நிறையைக் கணக்கிட்டுச் சேலையைக் குறைத்துத் தூளைக் கூட்டிய தாய்மார் உண்டு. தொரன்ரோவிலும் பாரிசிலும் அத்தூளை முகர்ந்து அழுதவர்களும் உண்டு. 2014 ஒக்தோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. தூள்ப் பேணியும் மீண்டும் புகைவண்டி ஏறியது.

வறுக்கும் முறை

ஆச்சி எமக்குச் சொல்லித் தந்த கணக்கை இங்கு பதிகிறோம். செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், மிளகு 150 கிராம், நற்சீரகம் 100 கிராம், வெந்தயம் 50 கிராம், மஞ்சள் 50 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைபிடி.

முதலிற் சரக்குகளைச் சுளகிற் புடைத்து, கல்லும் தும்பும் நீக்கி, வெயிலிற் காயவிட வேண்டும். மிளகாயின் காம்பைக் களைய வேண்டும். மல்லியை இளஞ்சூட்டில் முதலில் வறுக்கவும். அதன்பின் பெருஞ்சீரகம், மிளகு, நற்சீரகம் ஆகியவற்றைத் தனித்தனியே வறுக்கவும். வெந்தயம் சிவக்கத் தொடங்கியவுடன் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் கைக்கும். கறிவேப்பிலை கையில் நொறுங்கும்வரை வறுபட வேண்டும். ஈரம் இருந்தால் தூள் பழுதாகும். மஞ்சளை இடித்துச் சிறு துண்டுகளாக்கிச் சூடுகாட்டினாற் போதும். மிளகாய் கடைசி. முன்னே வறுத்தால் அதன் நெடியில் மற்றச் சரக்குகளின் மணத்தை அறிய முடியாது. எல்லாம் நன்றாக ஆறிய பின்னரே மில்லுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அரைத்த தூளும் சூடாகவே வரும். அதனைக் கடதாசியிற் பரப்பி ஆறவிட்டுப் பேணியில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்வை பிடித்துத் தூள் கட்டிபடும், பூஞ்சணமும் பிடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் விஞ்ஞானக் காரணம் உண்டு. விதையின் மணம் அதனுள்ளேயுள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. விதை முழுதாக இருக்கும்வரை அவ்வெண்ணெய் காப்பாக இருக்கும். அளவான சூட்டில் மணம் விரியும்; சூடு மிகுந்தால் எண்ணெய் பறந்துவிடும். பொடித்த பின்னரோ காற்றுப் பட்டு நாளுக்கு நாள் குறையும். ஆகையாற்றான் ஆச்சிமார் சிறிது சிறிதாக அரைத்து வைத்தனர். இரசாயனம் கற்காமலே அவர்கள் அறிந்திருந்த இரசாயனம் இது.

எவருடைய உழைப்பு?

பழைமையைப் போற்றுமிடத்து ஓர் உண்மையை மறைத்தல் தகாது. உரலில் உலக்கை போட்டு இடித்தவர் யார்? அரிதட்டில் அரித்து, கப்பியை மறுபடி இடித்தவர் யார்? அம்மியில் நாள்தோறும் அரைத்தவர் யார்? பெண்களே. அவர்கள் கைகளிற் காய்ப்பேறிய பின்பே நாம் சுவை கண்டோம். மில் வந்தபோது அவர்கள் மகிழ்ந்தனர், அது நியாயமே. வேலைக்குச் செல்லும் தாயொருத்தி கடையிலே தூள்ப் பைக்கற்று வாங்குவதைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. அகப்பை பிடிக்கத் தெரியாத ஆண்மகன் ‘அம்மாவின் தூள்’ என்று ஏங்குவது நகைப்புக்கு இடமாகும்.

எனினும் முழுச் சரக்கை அறியும் கண் எமக்கு வேண்டும். 2005இல் பிரித்தானியாவிலே, மிளகாய்த்தூளிற் சேர்க்கப்பட்ட ‘சூடான் 1’ என்னும் தடைசெய்யப்பட்ட சாயத்தால் 400க்கு மேற்பட்ட உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து மீளப் பெறப்பட்டன. தூளான பொருளில் எதுவும் ஒளியலாம். முழு மல்லியில் ஒளிவது கடினம். எமது நாட்டிலே 2019இன் இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின், 2020இல் அதன் விலை கிலோ பல ஆயிரம் ரூபாவாக ஏறியது. பாக்குநீரிணையிலே படகுகளில் மஞ்சள் மூடைகள் கடத்தப்பட்டுப் பிடிபட்டன. மிளகுக்காகக் கப்பல்கள் போட்டியிட்ட கடலையடுத்து மஞ்சளுக்காகப் படகுகள் ஓடின! 2022இல் மின்சாரமும் சமையல் வாயுவும் இல்லாத நாட்களிலே, மூலையிற் கிடந்த அம்மியைக் கழுவி எடுத்த வீடுகள் பல. அன்று அம்மியில் அரைக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரேனும் இருந்தால் அவ்வீடு தடுமாறவில்லை.

நாம் செய்யத்தக்கது

ஐயாவின் கூற்றுக்கு எமது விடை இதுவே. சங்ககாலத்திலே இத்தூள் இருந்ததில்லை. ஆயினும் அதனால் இது எமதல்லாது போகவில்லை. ஐந்து நூற்றாண்டுகளாக எமது பாட்டிமார் வறுத்து, இடித்து, மணத்தால் அளந்து எமதாக்கிய பொருள் இது. தூய்மை என்பது பிறர் தந்ததைத் தொடாதிருத்தலன்று. வந்ததைப் பக்குவப்படுத்தி எமது இறைவனுக்கும் விருந்தினருக்கும் படைக்கத் தக்கதாக்குதலே என்பதை இத்தூள் எமக்குக் கற்பிக்கிறது.

ஆனால் அந்த அறிவு ஏட்டில் இல்லை. மூதாட்டியர் சிலரின் மூக்கிலும் கையிலும் இருக்கிறது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். ஆகவே தோழர்களே, ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு எமது ஒழுங்கைகளில் வீடுவீடாகச் செல்வோம். யாழ்ப்பாணத்து அளவு, மட்டக்களப்பு அளவு, திருகோணமலை அளவு, மலையகத்து அளவு, இந்தியாவிலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பங்களின் அளவு எல்லாவற்றையும் எழுதி வைப்போம். எழுதுவதோடு நில்லாது வறுத்தும் பழகுவோம். ஆண்பிள்ளைகள் முதலிற் பழகட்டும். அடுத்த அன்னதானத்துக்குரிய தூளை நாமே வறுப்போம். பெரியோர்கள் பக்கத்திலிருந்து திருத்துவார்களாக.

இம்முறை வெந்தயம் கருகாது என்று நம்புகிறோம். திருவருள் துணைநிற்பதாக.